என் மகளும் குட்டி விமானமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறிய விமானம் ஓட்டுவது பணக்காரர் பொழுதுபோக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஈப்போவில் பயிற்சி எடுக்கும் என் மகள் அதை மாற்றிவிட்டாள். நான்கு பேர் அமரும் செஸ்னா 172. இரண்டு காலும் மிதிகளில், ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை இயந்திர வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலில், காது ரேடியோவில். வேறு கவலைக்கு இடம் ஏது? இறங்கும்போது மனம் கழுவி விட்டதுபோல் இருக்குமாம்.

அப்புறம், மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் தனியாகப் பறக்கலாம். அதற்காகவே தே தாரிக்கைக் குறைத்து, செம்பனைக் காட்டுப் பாதையில் தினமும் நடக்கிறாள். (நான் சொல்லிக் கேட்காதவள்!)

செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நம் தோட்டத்துப் பிள்ளைகளை ஒருநாள் விமானத் திடலுக்காவது அழைத்துப் போகலாமே?

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட்