எங்கள் பள்ளிச் சுவருக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு நன்றி

குறும்பர் ஊர்களிலிருந்து வந்து எங்கள் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த பெரியவர்களுக்கும், கூட நின்ற கோத்தகிரி மக்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வணக்கம்.

தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு தனியாகப் பட்டியலிட்ட 6 தொல்குடிகளான தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோருமே நீலகிரியில் வாழ்கிறார்கள். இருந்தும், பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டுக் கலை என்னவென்று எங்கள் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. அதை மாற்றியது நீங்கள்தான்.

முதல் நன்றி குறும்பர் பாட்டிமார்களுக்கு. செம்மண்ணில் சிவப்பு, வெள்ளை மண்ணில் வெள்ளை, கரியில் கறுப்பு, இலையைக் கசக்கிப் பச்சை, அப்புறம் வேங்கை மரத்துப் பிசின் என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் கையாலேயே செய்யவைத்தீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அடிக்கிற வெளிச்சுவரில் மண் நிறம் நிற்காது, வராந்தாவில் அதைப் பூசலாம், வெளியே கடைப் பெயின்ட் போதும் என்று பிரித்துச் சொன்னதும் நீங்கள்தான். அந்த மண்ணின் சிவப்பு வரும்வரை சலிக்காமல் கலந்து கொடுத்த பெயின்ட் கடை அண்ணனுக்கும் நன்றி.

தேன் எடுக்கும் காட்சியை வரைந்த நாளை மறக்க முடியாது. செங்குத்துப் பாறையில் காட்டுக்கொடி ஏணி தொங்குகிறது, கீழிருந்து புகை எழும்புகிறது. மேலே பிடித்துக்கொண்டிருப்பவர் யார் என்று ஒரு சிறுமி கேட்டாள். “மச்சான்தான். கூடப்பிறந்தவ வாழ்க்கை அவன் கையில இருக்கே, விடுவானா?” என்றார் ஒரு தாத்தா. உறவுமுறை என்றால் என்ன என்று எங்களில் யாரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டோம்.

கோயில் சார்ந்த சில வடிவங்களைப் பொதுச் சுவரில் போட வேண்டாம் என்றும் அவர் சொன்னார். கோயில் சுவரில் வரைவது வழிவழியாக, அங்கே பூசை செய்யும் மண்ணுக்காரரின் பொறுப்பு என்று பிள்ளைகளிடம் விளக்கினார். உடனே அந்த இடத்தை விட்டுவிட்டோம். எனக்கு இதுதான் இந்த வேலையிலேயே பெரிய பாடமாகப் படுகிறது. பிறருடையதை எல்லாம் எடுத்துக் காட்சிக்கு வைக்க நமக்கு உரிமை கிடையாது என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே கேட்டுக்கொண்டார்கள்.

சுவரின் கரை, தோடர் அக்காமார் தந்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கறுப்பு சிவப்புப் பூத்தையலுக்குத் துணியில் முன்கூட்டிக் கோலம் வரைவதில்லை. இழையை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். கணக்கு டீச்சர் அதைக் கட்டத்தாளில் போடவைத்து, ஒரு வாரப் பாடத்தையே அதில் நடத்திவிட்டார். டீச்சர், உங்களுக்குத் தனி நன்றி.

சாரம் கட்டிய மேஸ்திரிக்கும், டீயும் வர்க்கியும் கொடுத்தனுப்பிய கடைக்கார அக்காவுக்கும் நன்றி. பணம் கொடுத்த பெற்றோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். உங்களால்தான் கலைஞர்களுக்குச் சால்வையோடு நிறுத்தாமல், வந்த ஒவ்வொரு நாளுக்கும் உரிய சம்பளத்தைக் கையில் கொடுக்க முடிந்தது. இனி எந்தப் பள்ளி இதைச் செய்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

மழை முடிந்து தை மாதம் வராந்தாச் சுவரைப் புதுப்பிக்க வருவதாகப் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். செம்மண் சலிக்க ஆள் வேண்டும். கை கொடுக்க நினைப்பவர்கள் பள்ளியில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காக, ஒரு தாய்