ஒட்டுச் சேராத மாங்கன்றுகள் குறித்த புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கிருஷ்ணகிரி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், விற்பனைப் பிரிவு, நாற்றுப்பண்ணை நிறுவனம்.

பொருள்: 60 இமாம் பசந்த் ரக மா ஒட்டுக்கன்றுகளில் 23 பழுதானது தொடர்பாக.

ஐயா,

கடந்த அக்டோபரில் தங்களிடம் கன்று ஒன்றுக்கு 180 ரூபாய் வீதம் 60 மென்தண்டு ஒட்டுக்கன்றுகள் (இளந்தண்டில் ஒட்டுக் கட்டியவை) வாங்கி, மூன்றடிக் குழிகளில் தொழுவுரமிட்டு, சொட்டுநீர் அமைத்து நட்டேன். தை பிறப்பதற்குள் 23 கன்றுகளில் ஒட்டுக்கு மேலுள்ள பகுதி கருகிவிட்டது. தொலைபேசியில் கேட்டபோது, தண்ணீர் போதாமல் காய்ந்திருக்கும் என்று தங்கள் பணியாளர் கூறினார். தண்ணீர் போதவில்லையென்றால் ஒட்டைத் தாங்கும் அடிப்பகுதியான வேர்ச்செடியும் அல்லவா காய்ந்திருக்க வேண்டும்? அந்த 23-இல் 14 கன்றுகள் ஒட்டுக்குக் கீழே செந்தளிர் விட்டுச் செழிப்பாக நிற்கின்றன.

கருகிய கன்று ஒன்றை நானே பிளேடால் கீறிப் பார்த்தேன். கட்டிய பாலித்தீன் நாடா அவிழ்க்கப்படாமல் பட்டைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேலே தண்டு கழலைபோல் வீங்கியிருந்தது. நாடாவை உரித்ததும், ஆப்பாகச் சீவிச் செருகிய குச்சி பேனாவிலிருந்து மூடி கழல்வதுபோல் கையோடு வந்துவிட்டது. வெட்டுமுகம் இருபுறமும் கறுத்திருந்தது. பென்சில் கனமுள்ள வேர்ச்செடியில் ஈர்க்குச்சி போன்ற தண்டைச் செருகினால், ஒருபக்கப் பட்டையையாவது நேராகப் பொருத்தினால்தான் ஒட்டுச் சேரும். இங்கே குச்சியை நட்டநடுவில் செருகியிருக்கிறார்கள். என் தந்தையார் தாய்மரத்தடியில் பரண் கட்டி, சட்டிச் செடிகளை ஏற்றிவைத்து, தாய்மரக் கிளையை வெட்டாமலே அவற்றோடு சேர்த்து நெருக்கு ஒட்டுக் கட்டியவர். ஒட்டுச் சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்குமே தவிர, இப்படிக் கழன்று வந்ததை நான் கண்டதில்லை.

கீழ்த்தளிரை வளரவிட்டால் எனக்குக் கிடைக்கப்போவது இமாம் பசந்த் அன்று, கொட்டையிலிருந்து முளைத்த, பெயர் தெரியாத மாமரம். அதுவும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆகவே, வரும் ஆடிப்பட்டத்திற்குள் ஒட்டு முழுமையாகச் சேர்ந்து நாடா நீக்கப்பட்ட 23 கன்றுகளைத் தங்கள் செலவில் அனுப்ப வேண்டும். இயலாவிடில் 4,140 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ஒட்டுக்குச்சி எடுத்த தாய்மரம் காய்ப்பிலுள்ள மரம்தானா என்பதையும் எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன். ரசீதின் நகலும், கீறிய கன்றின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. கழன்ற குச்சியை நாடாவுடன் பத்திரப்படுத்தியிருக்கிறேன்; தங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன்.

இங்ஙனம்,
வாடிக்கையாளர்