நார்த்தாமலைக் கல்வெட்டும் நம்மூர்த் திருப்பணியும்

அன்புள்ள செல்வம்,

நலம். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? நம்மூர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப்போவதாகவும் நீ கமிட்டியில் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் நார்த்தாமலைச் சமாசாரம்.

போன மாதம் புதுக்கோட்டைப் பக்கம் போனபோது நார்த்தாமலையில் மேலமலை என்கிற குன்றின் மேல் ஏறி விஜயாலய சோழீச்சரத்தைப் பார்த்தேன். 9ஆம் நூற்றாண்டுக் கோயில், மேற்குப் பார்த்தது. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம், நடுவில் சுற்றிவர வழி. விமானமும் கீழே சதுரமாக எழும்பி உச்சியில் வட்டமாகிவிடுகிறது.

பெயர்தான் சோழன் பெயர். வாசலில் துவாரபாலகர் காலடியில் உள்ள கல்வெட்டு வேறு ஆளைச் சொல்கிறது. சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், மழையில் இடிந்து அழிய, மல்லன் விடுமன் என்கிற தென்னவன் தமிழதியரையன் புதுக்கினான். பார், செலவழித்துப் புதுக்கியவன் முதலில் கட்டியவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் தன் பெயரைச் சொல்கிறான்! அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

எதிரே பாறையைக் குடைந்து செய்த இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒன்றில் சுவர் நெடுக 12 திருமால் சிற்பங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே சாயல். இன்னொன்று பழியிலீச்சுரம். சாத்தன் பழியிலி குடைந்தது; மகள் சிறியநங்கை முகமண்டபமும் நந்தியும் செய்துவைத்தாள். அதுவும் கல்வெட்டில் இருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது.

அதனால்தான் கேட்கிறேன், நம்மூர்க் கோயிலில் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்ய ஒத்துக்கொள்ளாதே. என் மாமனார் ஊரில் அப்படிச் செய்து, அதிட்டானத்து (கோயிலின் அடிப்பீடத்து) எழுத்தெல்லாம் மழுங்கிப் போய்விட்டது. தடவிப் பார்த்தால் கல் சொரசொரவென்றிருக்கிறது, ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. மனசு ஆறவே இல்லை. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் எடுக்கச் சொல். நாளாகும், ஆகட்டும். கல்லைப் பிரிக்கிறதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் படம் எடுத்த பிறகே பிரிக்க வேண்டும். தரைக்கு டைல்ஸ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், தெற்குச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் நாலைந்து வரி தெரியுமே, அதை யாராவது படித்திருக்கிறார்களா என்று விசாரி. இல்லையென்றால் வேலை தொடங்கும் முன் மைப்படி (கல்வெட்டின் மேல் காகிதத்தை ஒட்டி, மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுத்துவிடலாம். எனக்குத் தெரிந்த கல்வெட்டு வாத்தியார் ஒருவர் வரச் சம்மதித்திருக்கிறார். பாலாலயம் (திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவது) எந்தத் தேதி என்று உடனே எழுது. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அவரை அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ராமு