கொம்புத் தலைக்கவசம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நார்வேஜிய மொழியும் பண்பாடும் கற்பிக்கும் கோடை முகாம்களைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அங்கே பிள்ளைகள் அட்டையில் செய்யும், பழங்கால ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கொம்பு வைத்த தலைக்கவசம் 19ஆம் நூற்றாண்டு மேடைக் கற்பனை. அதற்காக ஒரு பிற்பகலை வீணாக்க வேண்டுமா? தொழுவத்தைக் காக்கும் குள்ள ஆவியான நிஸ்ஸே, கிறிஸ்துமஸ் இரவில் அவனுக்கு வைக்கும் வெண்ணெய்க் கஞ்சி, ஏரியில் பதுங்கிப் பிள்ளைகளை இழுக்கும் நீர்ப்பேயான நோக்கன் என நார்வே மண்ணின் வாழ்வே கதைகளில் இருக்கிறது.

சென்ற கோடையில் நான் தன்னார்வலராக இருந்த முகாமில் நோக்கன் கதையைக் கேட்ட சிறுவர்கள், மறுநாள் பெரியவர் துணையின்றி நீரில் இறங்க மறுத்துவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகைக்கு அவர்கள் அப்படிக் கட்டுப்பட்டதில்லை. முதல் நாள் மாலையே, ஏரிக்கரையில் அமரவைத்து, நார்வேஜியப் பெயர்களோடு இக்கதைகளைச் சொல்ல முகாம் நடத்துவோர் முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், மினியாபொலிஸ்