தண்ணி 94ல கொதிச்சா 94னுதான் எழுதணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நுவரெலியா பக்கத்துல ஒரு தோட்டத்துல பின்னேரத்துல புள்ளைகளுக்கு சயன்ஸ் சொல்லிக் குடுக்குறேன். போன மாசம் ஓலெவல் படிக்கிற ஒரு புள்ள அழுதுகிட்டே வந்துச்சு. தண்ணிய கொதிக்க வச்சு தெர்மாமீட்டர்ல பார்த்திருக்கு, 94 காட்டியிருக்கு, அதையே எழுதியிருக்கு, புத்தகத்துல 100னுதானே இருக்குன்னு சிவப்பு பேனையால வெட்டிட்டாங்களாம். நுவரெலியா 1868 மீட்டர் உசரம், காத்தழுத்தம் கொறைவு, இங்க தண்ணி 94 பாகை கிட்டதான் கொதிக்கும், பருப்பு வேக இம்புட்டு நேரம் எடுக்குறதும் அதனாலதான். புத்தகம் சொல்றது கடல் மட்டத்துக் கணக்கு.

அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு இதே யோசனைதான். ஒரு விசயம் உண்மைன்னு நமக்கு எப்படி தெரியுதுன்னு நம்ம பெரியவங்க எவ்வளவு வாதாடியிருக்காங்க! அப்படி அறியிற வழியத்தான் அளவைன்னாங்க. உலகாயதர், அதாவது கண்ணுக்குத் தெரியிற உலகத்த மட்டும் நம்பினவங்க, காட்சி (நேர்ல கண்டறியிறது) ஒண்ணே போதும்னாங்க, திக்நாகர்ங்கிற தருக்க அறிஞர் வழி வந்த பௌத்தர் காட்சியும் கருதலும் (ஒண்ண வச்சு இன்னொண்ண ஊகிக்கிறது) போதும்னாங்க, சைவ சித்தாந்தம் அதோட உரையையும் (நம்பத்தக்கவங்களும் நூலும் சொல்றது) சேர்த்துச்சு, நியாயம்ங்கிற தருக்க மரபுக்காரங்க ஒப்புமையோட (தெரிஞ்சதோட ஒப்பிட்டு அறியிறது) நாலுன்னாங்க, மீமாம்சைங்கிற வேத விளக்க மரபுல குமாரில பட்டர் ஆறு வரைக்கும் போனாரு. அந்தப் புள்ள கைல இருந்தது காட்சி, வெட்டினவங்க கைல இருந்தது உரை, ரெண்டும் ஏன் மோதுதுன்னு கேட்டிருந்தா அழுத்தம்ங்கிற பாடமே அங்கயே முடிஞ்சிருக்கும்.

காட்சி மட்டும் போதுமான்னா அதுவும் போதாது. மாக்னு ஒரு பெரிய பௌதிகவியலாளர், அணுவ யாரு கண்டதுன்னு கேட்டு கடைசி வரைக்கும் சந்தேகத்தோடயே இருந்தாரு, கிட்டத்தட்ட உலகாயதர் பேச்சுதான். 1905ல ஐன்ஸ்டைன் தண்ணில மிதக்குற பொடித்துகள் ஏன் ஆடுதுன்னு கணக்குப் போட்டாரு, 1908ல இருந்து பெரின் மைக்ராஸ்கோப்ல அத அளந்து பார்த்தாரு, கணக்கும் அளவும் ஒத்துப்போச்சு. அணுவ நேர்ல பார்க்காமலே அணு உறுதியாச்சு.

பட்டர் சொன்ன ஆறாவது, அதாவது இல்லாததையும் அறியலாம்ங்கிறது, எனக்கு ரொம்ப பிடிச்சது. அது தனி அளவை இல்ல, கருதல்லயே அடங்கும்னு பௌத்தர் மறுத்தாங்க. ஆனா எப்படிப் பார்த்தாலும், இருந்திருந்தா தெரிஞ்சிருக்கணும்ங்கிற நிலைமை இருந்தாத்தான் தெரியலைங்கிறது சாட்சியாகும். பனி மூடின காலைல பீதுருதாலகால மலை தெரியாது, அதுக்காக மலை இல்லைன்னு சொல்லுவோமா? வெயில் அடிக்கிற நாள்ல மேசை மேல கப் தெரியலைன்னா கப் இல்லைதான். 1887ல மைக்கல்சனும் மோர்லியும் ஒளி ஈதர்ங்கிற ஒண்ணுலதான் பயணம் செய்யுதுன்னு நம்பி அத தேடினாங்க. பூமி ஈதர்க்குள்ள ஓடினா தெரிய வேண்டிய வித்தியாசத்த காட்டுற அளவுக்கு அவங்க கருவி நுணுக்கமா இருந்துச்சு, அப்படியும் அந்த வித்தியாசம் தெரியல. அதனாலதான் அந்த "தெரியல" பௌதிகத்தயே ஆட்டிருச்சு.

புகைய வச்சு நெருப்ப அறியிற உதாரணம் எல்லாருக்கும் தெரியும். மணிமேகலை 29ஆம் காதைல ஒரு படி மேல போய், ஆவியா பனியான்னு சந்தேகம் இருக்கும்போதே புகைன்னு வச்சு நெருப்பு உண்டுன்னு முடிவு கட்டுறது பிழைன்னு இருக்கு. மலைநாட்டுப் புள்ளைக்கு இத விளக்கவே தேவையில்ல, லயத்து வீட்டு வாசல்ல நின்னு பார்த்தாலே போதும்.

வைசேசிகம்ங்கிற பழைய இந்தியத் தத்துவத்துல அணு இருக்கு, அதனால எல்லா பௌதிகத்தையும் நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்கன்னு சிலர் பேசுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அத உருவாக்கின கணாதர் வழி வந்தவங்க யோசிச்சு போன இடம் பெரிசுதான், ஆனா அளந்து பார்க்குற வேல அங்க நடக்கல. பிழையான கருதல் எதுன்னு தரம் பிரிச்சாங்களே, அந்தப் பழக்கத்தத்தான் நான் புள்ளைகளுக்கு குடுக்கணும்னு நெனைக்கிறேன்.

உங்க பத்திரிகைல மாணவர் பக்கத்துக்கு மாதிரி வினாத்தாள் போடுறீங்க, நன்றி. அதோட மாசத்துல ஒருக்கா புள்ளைக தாங்களே அளந்த ஒரு அளவ, எந்த ஊர், என்ன உசரம், எதால அளந்தாங்கன்னு சேர்த்து போடுங்க. மொதல்ல அந்தப் புள்ளையோட 94ஐ நான் அனுப்புறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து டியூஷன் டீச்சர்,
நுவரெலியா