கடல் மட்டம் வெறும் பூஜ்யமா? வட ஆற்காட்டுப் புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளிகளில் புவியியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பொதுப்பணித் துறையில் லெவல் எடுத்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஏரிக்கரை, மதகு, கலங்கல் என்று எதற்கு மட்டம் பார்க்கப் போனாலும் முதலில் ஒரு பெஞ்ச்மார்க் கல்லை, அதாவது உயரம் குறித்து நட்டு வைத்த கல்லை, தேடுவோம். அந்தக் கல்லில் இருக்கும் எண் கடல் மட்டத்திலிருந்து வந்தது. காட்பாடி ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் உயரமும் அப்படித்தான். ‘கடல் மட்டம்னா என்னப்பா?’ என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால், ‘பூஜ்யம் தாத்தா’ என்கிறார்கள். பரீட்சைக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை.

அந்தப் பூஜ்யம் நாம் பிடித்து வைத்தது. கராச்சி, பம்பாய், கொச்சி என்று ஒன்பது இடங்களில் கருவி வைத்துக் கடல் நீரின் ஏற்ற இறக்கத்தைக் குறித்தார்கள். ஒவ்வோர் இடத்துச் சராசரியையும் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, 1909-இல் நாடு முழுவதற்குமான உயரக் கணக்கை முடித்தார்கள். அந்த ஒன்பதில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. மதகு கட்ட அது போதும். பூமியின் கதைக்குப் போதாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பெரும் பனிப்பாளங்கள் நீரைப் பூட்டி வைத்திருந்த காலத்தில், கடல் இன்றைக்கு விட 120 மீட்டர் அளவுக்குக் கீழே கிடந்தது. வேலூர் இருப்பதே 216 மீட்டரில். அதில் பாதிக்கும் மேல் அது!

பாக் நீரிணை பெரும்பாலும் ஆழமே இல்லாத கடல். அன்றைக்கு அங்கே நடந்தே போயிருக்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் மூழ்கிய கண்டத்தைக் காட்டி ‘இது நிஜமா சார்?’ என்று பிள்ளை கேட்டால் சிரித்து ஒதுக்காதீர்கள். கரையோர நிலம் மூழ்கியது நிஜம், கண்டம் மூழ்கியதற்கு ஆதாரம் இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நடத்தத்தான் உங்களைக் கேட்கிறேன். பாறையில் இருக்கும் பழைய கடற்கரைத் தடம் இன்று நீருக்கு மேலே நிற்கிறது என்றால், கடல் இறங்கியதா, நிலம் ஏறியதா? ஒரே ஓர் இடத்துத் தடம் மட்டும் இருந்தால் அது வாய் திறக்காது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அதில் பதிவாகியிருக்கும். கோட்டை அகழியைப் பாருங்கள். தண்ணீர் வற்றினால் சுவரில் விடும் கறை சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்கும். சுவர் ஒரு பக்கம் அமிழ்ந்திருந்தால் கறை சாய்ந்து நிற்கும். கடற்கரையிலும் தடத்தை நெடுந்தூரம் தொடர்ந்து போய் லெவல் எடுக்க வேண்டும். சாய்ந்திருந்தால் நிலம் அசைந்திருக்கிறது. சாயாமல் இருந்தாலும் உடனே கடல்தான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. நிலம் மொத்தமாகவும் எழும்பும். தொலைவில் உள்ள வேறு கரைகளோடு ஒப்பிட்டால்தான் பிடி கிடைக்கும்.

சுவீடன்காரர்கள் இதில் நன்றாகச் சிரமப்பட்டார்கள். வெப்பமானி அளவுக்குப் பெயர் தந்த செல்சியஸ்தான் 1731-இல் கடலோரப் பாறை ஒன்றில் நீர்மட்டத்தைச் செதுக்கி வைத்தார். சீல் என்னும் கடல்நாய்கள் ஏறிப் படுக்கும் பாறைகள் வரவர அவற்றுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதாக மீனவர்கள் சொன்னது அவருக்கு ஆதாரம். கடல் வற்றுகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் எழும்பியது நிலம். கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி அழுத்தி வைத்திருந்த தரை, பனி உருகிய பின் இன்னும் நிமிர்ந்துகொண்டே இருக்கிறது. சில இடங்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். அங்கே ‘உயர்ந்த கரை’ என்ற பொருளில் பெயர் பெற்ற பகுதியில் பழைய கடற்கரை 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் வேலூரை விட உயரத்தில் ஒரு கடற்கரை! இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எந்தப் பிள்ளையும் தூங்காது.

இத்தாலியில் பொட்சுவோலி ஊரில் ரோமானியர் காலத்துத் தூண்கள் மூன்று நிற்கின்றன. தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில், கல்லைத் துளைக்கும் கடல் சிப்பிகள் போட்ட ஓட்டைகள். நிற்கும் தூண் சாயாமலே கடலுக்குள் போய்த் திரும்பி வந்திருக்கிறது. எரிமலைப் பகுதி அது, தரை ஏறி இறங்கும்.

நம் பக்கத்திலும் இருக்கிறது. ராமேஸ்வரம், பாம்பன் கரைகளில் பழைய பவளத் திட்டுகள் இன்றைய கடலுக்கு மேலே நிற்கின்றன. பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. அதனால் அன்றைய நீர்மட்டம் அதை விட மேலே இருந்திருக்க வேண்டும். கார்பன் முறையில் அதன் வயதைக் கணக்கிடலாம். ஆனால் அங்கே கடல் தாழ்ந்ததா, நிலம் உயர்ந்ததா, இரண்டும் சேர்ந்ததா என்பதில்தான் வாதம். அகழிக் கறையைப் புரிந்துகொண்ட பிள்ளை இந்த வாதத்துக்குள் தாராளமாக நுழையலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாலாற்றுப் படுகையில் வழவழப்பான கூழாங்கல்லை எடுத்து வந்து ‘இங்கே கடல் இருந்தது’ என்பார்கள். ஆறும் கல்லை உருட்டும். கடல் என்று சொல்ல, கடலில் மட்டுமே வாழும் உயிரின் எச்சம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பழைய பாறைகளில் அம்மோனைட் என்ற, ஓடுள்ள பழங்காலக் கடலுயிரின் எச்சம் கிடைத்திருக்கிறது. டைனோசர் காலத்துக் கடல் அது. நம் மலைகளில் அப்படி எதுவும் கிடைக்காது. உயிர்களுக்கு ஓடே தோன்றாத காலத்துப் பாறைகள் அவை.

ஆண்டுச் சுற்றுலா ராமேஸ்வரத்துக்கு என்று முடிவாகியிருந்தால், கோயிலும் கலாம் நினைவிடமும் பார்த்த பிறகு கரையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பவளத்தை உடைத்து எடுக்க விடாதீர்கள், சட்டப்படி குற்றம். போட்டோ எடுத்தால் போதும். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை கோட்டைக்கு அழைத்து வருவதாக இருந்தால், என்னிடம் பழைய லெவல் கருவி ஒன்றும், அதோடு நிறுத்திப் பிடிக்கும் அளவுகோலான ஸ்டாஃப் ஒன்றும் இருக்கின்றன. கொண்டு வருகிறேன். பிள்ளைகளே கறையை அளந்து பார்க்கட்டும்.