மரபுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். பெண்கள் இதழ்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரபைப் போற்றும் இதழ் வேண்டும் என்று கேட்பவர்களைப் பிற்போக்கு என்று அக்கட்டுரை ஒதுக்குவது சரியல்ல. புடவை கட்டுவதையும் வீட்டைப் பேணுவதையும் விரும்பிச் செய்யும் நாங்களும் வாசகிகள்தான்.

நான் மாதாமாதம் வாங்கும் இதழில் முகப்பூச்சு, எடைக்குறைப்பு, அப்புறம் சின்னத்திரைச் செய்திகள். இங்கே நீலகிரியில் தோடர் பழங்குடிப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல் கொண்டு, கோடு எதுவும் வரையாமல், இழைகளை எண்ணியே பூவேலை செய்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அதைப் பற்றி அந்த இதழில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. தங்கள் பெண்கள் இணைப்பிலாவது இத்தகைய கைவேலைக்கும், பாட்டிமார் சமையலுக்கும் தாலாட்டுக்கும் வாரம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்; அதை மலைப் பெண்களையே எழுதச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கோத்தகிரி